போர் முடிந்த ஆண்டின் பந்தாட்டம்

1939-40ஆம் ஆண்டின் ஸ்பானியக் கால்பந்து லீக் போட்டியின் முடிவுப் பட்டியல் ஒரு சிறு தாளில் அடங்கிவிடும். பன்னிரண்டு கழகங்கள், ஒவ்வொரு கழகமும் ஆடியவை 22 ஆட்டங்கள், வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. முதலிடம் பெற்றது மாட்ரிட் நகரத்து அத்லெதிக் அவியாசியோன், 29 புள்ளிகள். அடுத்து நிற்பது செவில்லா, 28. மூன்றாவது பில்பாவோ நகரத்து அத்லெதிக், 26. மேற்போக்காக நோக்குவோர், கடைசிவரை நெருக்கமாக நடந்த ஒரு நல்ல போட்டி என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிடுவர்.

ஆயின் இப்பட்டியலுக்கு முந்தையது 1935-36ஆம் ஆண்டினது. இடையில் மூன்று ஆண்டுகளுக்குப் பட்டியலே இல்லை. அவ்விரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், பல வினாக்கள் எழுகின்றன. முன்னதில் கீழே இறக்கப்பட்ட கழகம் பின்னதில் எவ்வாறு முடி சூடிற்று? மூன்றாம் இடத்தில் இருந்த ஒவியேதோ எங்கே போயிற்று? கோல் அடிப்பதில் நாட்டிலேயே முதல்வனாக விளங்கிய வீரன் பெயர் ஏன் காணப்படவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நம் அன்பர்களுக்குக் கால்பந்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மோகன் பகானின் பெயரையும் ரோவர்ஸ் கோப்பையின் பெயரையும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆட்டத்தை விடுத்து, அது ஆடப்பட்ட நாட்டின் நிலையை மட்டும் முதலில் சொல்லிவிடுவோம்.

1936 ஜூலை 18ஆம் நாளையொட்டி ஸ்பெயினில் படைத்தலைவர்கள் சிலர் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நாடு இரண்டாகப் பிளந்தது. 1939 ஏப்ரல் 1ஆம் நாள் ஜெனரல் பிராங்கோ தம் வெற்றியை அறிவிக்கும் வரையில் உள்நாட்டுப் போர் ஓயவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் பனி மூடிய மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் அடைக்கலம் புகுந்தனர். இந்தப் போர் நமக்கும் முற்றிலும் அயலானதன்று. 1938 ஜூன் மாதத்தில் ஜவாஹர்லால் நேரு, வி. கே. கிருஷ்ண மேனனுடன் பார்சலோனா நகருக்குச் சென்று ஐந்து நாட்கள் தங்கினார். அந்நகரின்மீது இரவுதோறும் குண்டு விழுவதைத் தம் கண்ணால் கண்டார்.

போர் மூளுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன், 1936 ஜூன் 21ஆம் நாள், வலென்சியா நகரின் மெஸ்தாயா மைதானத்தில் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. மாட்ரிட் அணியும் பார்சலோனா அணியும் மோதின. மாட்ரிட் ஒரு கோல் முந்தி நின்ற கடைசி நேரத்தில், பார்சலோனாவின் எஸ்கோலா கோலின் மூலையை நோக்கிப் பந்தை உதைத்தார். காய்ந்த தரையிலிருந்து புழுதி எழுந்து கோல்வாயை மறைத்தது. பந்து உள்ளே போயிற்று என்றே கூட்டம் ஆர்த்தது. புழுதி அடங்கியபோது, பந்தைக் கையில் ஏந்தியவாறு அசையாமல் நின்றார் கோல் காப்பாளர் ரிகார்தோ சமோரா. அந்நாளைய ஐரோப்பாவில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்க காப்பாளர் ஒருவர் இருவரே. அவர் ஆடிய கடைசிப் பெரும் ஆட்டம் அதுவே. இவரை நினைவில் வைத்துக்கொள்வோம், மீண்டும் வருவார்.

சில வாரங்களில் சமோரா மாட்ரிட்டில் குடியரசுத் தரப்புப் போராளிகளால் பிடிபட்டு, மொதேலோ சிறையில் அடைக்கப்பட்டார். அவர் கொல்லப்பட்டார் என்ற செய்தியும் நாடெங்கும் பரவியது. உண்மையில் அவர் விடுதலை பெற்று நாட்டை விட்டு வெளியேறி, பிரான்சின் நீஸ் நகரத்து அணியில் சேர்ந்தார். எதிர்த் தரப்பின் கையில் அகப்பட்டவர்கள் எல்லோருக்கும் அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. பார்சலோனா கழகத்தின் தலைவர் ஜோசப் சுன்யோல், 1936 ஆகஸ்ட் 6ஆம் நாள் குவாதர்ராமா மலைப்பகுதியில் பிராங்கோவின் படையினரிடம் சிக்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது கழகம் 1937இல் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் சுற்றுப்பயணம் சென்றது. பயணம் கழகத்தின் கடனைத் தீர்த்தது. ஆனால் சென்ற ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கழகத்தோடு திரும்பி வரவில்லை. சிலர் மெக்சிகோவிலும், சிலர் பிரான்சிலும் தங்கிவிட்டனர்.

பாஸ்க் நாட்டு வீரர்களின் கதை இன்னும் உருக்கமானது. பில்பாவோவில் அமைந்திருந்த பாஸ்க் அரசு, நிதி திரட்டவும் தன் மக்களின் நிலையை உலகுக்கு எடுத்துரைக்கவும் ஒரு கால்பந்து அணியை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 1937 ஏப்ரல் 26ஆம் நாள் பாரிஸ் நகரில் தன் முதல் ஆட்டத்தை ஆடிய அவ்வணி, 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் இசித்ரோ லங்காரா. அதே நாளில்தான் அவர்களின் தாய்நாட்டுச் சிற்றூராகிய கெர்னிக்காவை ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி எரித்தன. இரண்டு மாதங்களுக்குள் பில்பாவோவும் வீழ்ந்தது. திரும்பிச் செல்ல நாடில்லாத அந்த அணி கடல் கடந்து மெக்சிகோ சென்று, 1938-39இல் அங்குள்ள லீக்கிலேயே ஒரு கழகமாக ஆடி இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் அதன் வீரர்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தனர்.

இந்த லங்காராதான் நாம் முன்பு குறிப்பிட்ட வீரன். ஒவியேதோ கழகத்துக்காக ஆடி 1934, 1935, 1936 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஸ்பானிய லீக்கில் அதிக கோல் அடித்தவர். 1939இல் அவர் புவனோஸ் அயர்ஸ் நகரத்து சான் லொரென்சோ கழகத்தில் சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே ரிவர் பிளேட்டுக்கு எதிராக நான்கு கோல் அடித்தார். அவரை இழந்த ஒவியேதோ, அவரை மட்டும் இழக்கவில்லை. அந்நகரம் போரில் நெடுநாள் முற்றுகையிடப்பட்டது. கழகத்தின் புவெனாவிஸ்தா மைதானம் போர்முனையில் சிக்கிச் சிதைந்து போயிற்று. ஆட மைதானமில்லாத கழகம், ஓராண்டு தனக்கு விலக்கு அளிக்குமாறு கேட்டது. அதன் இடமும் காக்கப்பட்டது. ஆகவே 1939 இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு இடங்களில் ஓரிடம் வெற்றிடமாயிற்று.

அவ்விடத்தைக் கேட்டு இரண்டு கழகங்கள் முன்வந்தன. 1936இல் கீழே இறக்கப்பட்ட ஒசசூனா ஒன்று. அதனோடு இறங்கிய மாட்ரிட் அத்லெதிக் மற்றொன்று. மாட்ரிட் அத்லெதிக்கின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். 1903இல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள், தங்கள் ஊராகிய பில்பாவோவின் கழகப் பெயரையே சூட்டித் தொடங்கிய சங்கம் அது. பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் வந்த ஊரில் தம் ஊர்ப் பெயரால் ஒரு சங்கம் காண்பது, இதைப் படிக்கும் நம் அன்பர்களுக்குப் புதிதன்று. அச்சங்கம் 1936 பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தன் சொந்த மைதானத்தில் செவில்லாவிடம் தோற்று இறங்கியது. அந்தச் செவில்லாவை மீண்டும் எந்நிலையில் சந்திக்கப் போகிறது என்பதை அன்று யாரும் எண்ணியிருக்க இயலாது.

போர் முடிந்தபோது அக்கழகத்தின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. அதன் மெத்ரோபொலித்தானோ மைதானம் பல்கலைக்கழக நகரத்துப் போர்முனைக்கு மிக அருகில் இருந்ததால் பாழாகிவிட்டது. கடன் மிகுந்திருந்தது. போரில் எட்டு ஆட்டக்காரர்களை அது இழந்ததாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். இந்நிலையில் அதன் கதவைத் தட்டியது, பணமும் ஆட்டக்காரர்களும் உடைய, ஆனால் லீக்கில் இடமில்லாத வேறொரு கழகம். 1937இல் சலமாங்காவில் பிராங்கோவின் விமானப்படையினர் சிலர் பொழுதுபோக்காகத் தொடங்கி, பின்பு சரகோசாவில் வளர்த்த 'அவியாசியோன் நசியோனால்' என்பது அது. ஒன்றிடம் பெயரும் பழைய உரிமையும். மற்றொன்றிடம் ஆளும் பொருளும். 1939 அக்டோபர் 4ஆம் நாள் இரண்டும் இணைந்தன. 'அத்லெதிக் அவியாசியோன்' என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. அவியாசியோன் என்பது வானூர்திப் படையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். சிறகு பொறித்த படைச்சின்னம் கழகச் சின்னத்தில் ஏறிற்று. பயிற்சி அளிக்க அழைக்கப்பட்டவர் வேறு யாருமல்லர். மாண்டுவிட்டார் என்று மக்கள் நம்பிய ரிகார்தோ சமோராவே.

நவம்பர் 26ஆம் நாள், மெஸ்தாயா மைதானத்தில், ஒரே ஆட்டத்தில் வழக்கு தீர்க்கப்பட்டது. அத்லெதிக் அவியாசியோன் ஒசசூனாவை 3-1 என்று வென்றது. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் புழுதிக்குள்ளிருந்து சமோரா பந்துடன் வெளிப்பட்ட அதே மைதானம் அது. அடுத்த ஞாயிறு, டிசம்பர் 3ஆம் நாள், லீக் தொடங்கியது.

அந்நாளைய ஸ்பெயினில் பயணம் என்பது எளிய காரியமன்று. இருப்புப்பாதைகளும் பாலங்களும் சிதைந்திருந்தன. பெட்ரோல் கிடைப்பது அரிது. 1939 மே மாதம் முதல் உணவுப் பங்கீட்டு அட்டை நடைமுறைக்கு வந்திருந்தது. 1952 வரையில் அது நீடித்தது. செப்டம்பரில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டுவிட்டதால் வெளியிலிருந்து வரும் பொருள்களும் சுருங்கின. இத்தகைய நாட்டில் தென்கோடிச் செவில்லாவிலிருந்து வடகோடிச் சந்தாந்தேருக்கு ஓர் அணி சென்று ஆட வேண்டும். அடுத்த ஞாயிறுக்குள் திரும்ப வேண்டும். டிசம்பர் 3 முதல் ஏப்ரல் 28 வரை, முதலும் கடைசியும் சேர்த்து 22 ஞாயிறுகள், ஆட்டங்களும் 22. விமானப்படையின் வண்டிகளும் எரிபொருளும் உடைய ஒரு கழகத்துக்கும், அவை இல்லாத பிற கழகங்களுக்கும் இடையே எத்துணை வேற்றுமை இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். படைப்பணி ஆற்றவேண்டிய வயதிலிருந்த நல்ல ஆட்டக்காரர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும் வசதியும் அக்கழகத்துக்கு இருந்தது.

வானொலியைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு செய்தி. அதே 1939 அக்டோபரில் ஸ்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: நாட்டிலுள்ள தனியார் நிலையங்கள் அனைத்தும், அரசு வானொலியின் செய்தியறிக்கையையே அஞ்சல் செய்ய வேண்டும். அவ்வானொலி 1937இல் தொடங்கப்பட்டதும் சலமாங்காவில்தான். போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் ஸ்பானிய மக்கள் வானொலிச் செய்தியை 'பார்த்தே' என்றே அழைத்துவந்தனர். போர்க்களத்து அறிக்கை என்பது அதன் பொருள். வானொலிக்காக எழுதும் நமக்கு இச்செய்தி சற்றே மனத்தை உறுத்துகிறது.

இனிச் செவில்லாவுக்கு வருவோம். அந்நகரம் 1936 ஜூலையிலேயே கிளர்ச்சிப் படையின் கைக்கு வந்துவிட்டது. ஆகவே அங்கிருந்த கழகம் சிதறாமல் நின்றது. 1939 ஜூன் 25ஆம் நாள் பார்சலோனாவில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் பெர்ரோல் நகரத்து ராசிங் அணியை 6-2 என்று அது முறியடித்தது. லோபெஸ், பெப்பில்லோ, காம்பனால், ராய்முந்தோ, பெர்ரோக்கால் ஆகிய ஐவர் கொண்ட அதன் முன்வரிசையை மக்கள் 'ஸ்டூக்கா' என்று அழைத்தனர். ஸ்டூக்கா என்பது செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் ஜெர்மானிய விமானத்தின் பெயர். அவ்விமானங்களை ஜெர்மனி முதன்முதல் போரில் சோதித்துப் பார்த்தது ஸ்பானிய மண்ணின் மீதுதான். தம் ஊர்களின்மேல் பறந்த குண்டு விமானத்தின் பெயரை, தாம் போற்றும் ஆட்டக்காரர்களுக்குச் செல்லப் பெயராக மக்கள் சூட்டினர். அப்பருவத்தின் மனநிலையைக் காட்ட இதனினும் பொருத்தமான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

எனினும், வென்ற தரப்பின் நகரில் இருந்தமையால்தான் செவில்லா உயர்ந்தது என்று முடிவு கட்டுவது சரியாகாது. அதே நகரில் இருந்த இன்னொரு கழகம் பெதிஸ். 1935 ஏப்ரல் 28ஆம் நாள், சந்தாந்தேருக்குச் சென்று ராசிங் அணியை 5-0 என்று வென்று, நாட்டின் சாம்பியனாகத் திரும்பிய கழகம் அது. சரியாக ஐந்தாண்டு கழித்து அதே தேதியில் முடிந்த 1940 பருவத்தில், அன்று வென்ற பெதிஸும் அன்று தோற்ற ராசிங்கும் ஒருசேரக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கின. போரின் கை இதில் உண்டு. ஆயினும் போரை மட்டும் குற்றம் சொல்லுவதற்கில்லை. பொருள் முடையினால் பெதிஸ் தன் சிறந்த வீரர்களை 1935இலேயே பிறரிடம் விடத் தொடங்கிவிட்டது. லெக்குவே மாட்ரிட்டுக்கும், அரேசோ பார்சலோனாவுக்கும் அப்போதே சென்றுவிட்டனர். எஞ்சியிருந்ததையே போர் வாரிக்கொண்டு போயிற்று.

பெதிஸின் அந்தச் சாம்பியன் அணியில் ஆடிய விக்தோரியோ உனாமூனோ, பில்பாவோ அத்லெதிக் கழகத்துக்குத் திரும்பியிருந்தார். 1936இல் சாம்பியனாக இருந்த அக்கழகத்தின் நட்சத்திரங்களில் பலர் கடல் கடந்து போய்விட்டனர். முன்னாட்களின் ஆட்டக்காரர்களில் மிஞ்சிய சிலரையும் அனுபவமற்ற இளைஞர்களையும் வைத்து ஓர் அணியைக் கட்டினார்கள். அந்த அணி மூன்றாம் இடம் பெற்றது. முப்பது வயதை எட்டியிருந்த உனாமூனோ 20 கோல்கள் அடித்து அவ்வாண்டு முதல்வரானார். சாம்பியன் பட்டத்தைக் காட்டிலும் இம்மூன்றாம் இடத்தையே அப்பருவத்தின் பெரிய சாதனையாக நாம் கருதுகிறோம். தலைவரையும் ஆட்டக்காரர்களையும் இழந்த பார்சலோனாவோ ஒன்பதாம் இடத்தில் நின்றது.

கடைசி ஞாயிறு வந்தது. அத்லெதிக் அவியாசியோனும் செவில்லாவும் தலா 27 புள்ளிகளோடு சமமாக நின்றன. மாட்ரிட் அணிக்கு வலென்சியாவுடன் ஆட்டம். சொந்த மைதானம் பாழானதால் அப்பருவம் முழுவதும் அது பிறர் மைதானங்களையே நம்பியிருந்தது. செவில்லா, அலிகாந்தே நகருக்குச் சென்று எர்க்குலஸ் அணியைச் சந்திக்க வேண்டும். அலிகாந்தே என்றவுடன் ஸ்பானியர் நெஞ்சில் எழும் நினைவு கால்பந்தன்று. பதின்மூன்று மாதங்களுக்கு முன், 1939 மார்ச்சின் கடைசி நாட்களில், தோற்ற தரப்பினர் ஆயிரக்கணக்கில் அந்நகரத் துறைமுகத்தில் குவிந்து, தங்களை ஏற்றிச் செல்லக் கப்பல் வாராதா என்று கடலையே பார்த்து நின்றனர். ஸ்டான்புரூக் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் மார்ச் 28ஆம் நாள் ஏறத்தாழ 2,600 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏற முடியாமல் நின்றவர்களுக்காக வந்த கப்பல்கள் மிகச் சில. 30ஆம் நாள் நகரம் பிராங்கோ தரப்புப் படைகளின் கைக்கு மாறியது; துறைமுகத்தில் நின்றவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

அந்த நகரில் செவில்லாவின் ஸ்டூக்கா வரிசை மூன்று கோல் அடித்தது. எர்க்குலஸும் மூன்று கோல் அடித்தது. ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது. மாட்ரிட்டில் அத்லெதிக் அவியாசியோன் வலென்சியாவை 2-0 என்று வென்றது. வேறொருவரின் வெற்றிடத்தில் நுழைந்த கழகம், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக லீக் சாம்பியனாயிற்று. 1936இல் அதனைக் கீழே தள்ளிய செவில்லா இப்போது இரண்டாவதாக நின்றது.

இது அரசு அளித்த பரிசா, ஆட்டத்தால் பெற்ற வெற்றியா என்று ஸ்பெயினில் பல காலம் வாதிட்டிருக்கிறார்கள். வெற்றிடத்தை விமானப்படைக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஆட்டம் ஆடியே அது பெற்றது. இரண்டாவதாக நின்ற செவில்லாவும் ஆள்வோர்க்கு வேண்டாத நகரமன்று. அடுத்த ஆண்டும் சமோராவின் அணியே சாம்பியனாயிற்று என்பதையும் நோக்கவேண்டும். ஆகவே ஆட்டத்தில் சூது நடந்தது என்று சொல்ல நாம் ஒருப்படோம். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, யார் உண்டு ஆடினர், யார் பசித்து ஆடினர், யார் ஆடவே நாட்டில் இல்லை என்பவை முடிவாகிவிட்டன. பட்டியல் அவற்றைக் காட்டுவதில்லை. சிறையிலிருந்து தப்பிய ஒருவர் வென்ற அணிக்குப் பயிற்சியாளராக நின்றதும், சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் கழகம் ஒன்பதாவதாக நின்றதும் அதில் தெரிவதில்லை.

பெயர்களையும் அவ்வரசு விட்டுவைக்கவில்லை. அயல்மொழிச் சொற்கள் ஆகாவென்று 1941இல் கழகங்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. 'அத்லெதிக்' என்பது 'அத்லெத்திகோ' ஆயிற்று. பார்சலோனாவின் பெயரும் ஸ்பானிய முறைக்குத் திருப்பப்பட்டது. அதன் சின்னத்திலிருந்த கட்டலோனியக் கொடியின் நான்கு செங்கோடுகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. அந்தக் கோடுகள் 1949இல் திரும்பின. பில்பாவோ தன் பழைய பெயரைப் பெற 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விமானப்படையின் தொடர்போ அவ்வளவு நாள் நீடிக்கவில்லை. 1947இல் அக்கழகம் 'அத்லெத்திகோ தே மாட்ரிட்' என்று, இன்று உலகம் அறிந்த பெயரை ஏற்றது.

ஒவியேதோ, தனக்காகக் காக்கப்பட்டிருந்த இடத்துக்கு 1940-41ஆம் பருவத்தில் திரும்பி வந்தது. லங்காரா வரவில்லை. புவனோஸ் அயர்ஸிலும் பின்னர் மெக்சிகோவிலும் கோல் மேல் கோலாக அடித்து, இரண்டு நாடுகளின் லீக்கிலும் முதல்வராக விளங்கினார். 1946இல், தம் முப்பத்து நான்காம் வயதில், அவர் ஒவியேதோவுக்குத் திரும்பி, மீண்டும் அதே கழகத்தின் நீலச் சட்டையை அணிந்து ஆடினார்.